ராஜா வீட்டு இத்தாலிக் கார்கள்: பட்டறை கேள்வி பதில்

போன இதழில் கார்புரேட்டர் ஒழுகுவதைப் பற்றி எழுதும்போது, இரான் மன்னர் ஷா வைத்திருந்த லம்போர்கினியைப் பற்றிப் போகிற போக்கில் ஒரு வரி சேர்த்திருந்தேன். கிளட்ச், பிரேக் என்று பக்கம் பக்கமாக எழுதியபோது வராத கடிதங்கள் அந்த ஒரு வரிக்கு வந்துவிட்டன. சரி, இந்த இதழ் முழுக்க அரண்மனை கராஜ்தான். மைலேஜ் கேள்வி அனுப்பியவர்கள் அடுத்த இதழ் வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

ராஜா என்றால் டிரைவர் வைத்துப் பின்சீட்டில் போகிறவர். அவருக்கு எதற்கு ஐயா இரண்டே சீட் உள்ள கார்? (ஈரோடு)

அதற்குத்தான். பிறந்ததிலிருந்து பின்சீட்டிலேயே உட்கார்ந்திருந்தால் உங்களுக்கும் ஸ்டியரிங்கைப் பிடிக்கக் கை துறுதுறுக்கும். இரண்டு சீட் காரில் மெய்க்காவலரை ஏற்ற முடியாது, மந்திரியை ஏற்ற முடியாது. பின்னால் வேறு வண்டியில் துரத்திக்கொண்டு வரட்டும் என்று விட்டுவிடலாம். இரானின் ஷா முகம்மது ரேசா பஹ்லவி விமானமே ஓட்டியவர். பெல்ஜியத்தின் மூன்றாம் லியோபோல்டு, நெதர்லாந்து இளவரசர் பெர்ன்ஹார்டு எல்லாரும் தாங்களே ஓட்டிப் பழகியவர்கள். ஊர்வலத்துக்கு ரோல்ஸ் ராய்ஸ். ஊரை விட்டு ஓட இத்தாலிக் கார்.

ஒரு மன்னருக்காகவே ஒரு கார் மாடல் உருவானது என்று படித்தேன். உண்மையா, கதையா? (சேலம்)

உண்மை. மசராட்டி 5000 ஜிடி. என்னைக் கேட்டால், இந்த விஷயத்தில் சொல்லத் தகுந்த முதல் கதை இதுதான். ஆனால் இதை ஷாவிடமிருந்து ஆரம்பிக்கக் கூடாது, வெனிசுவேலாவிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

1957 நவம்பர். கராகஸ் நகரில் பந்தயம். மசராட்டி தன்னிடமிருந்த பெரிய 450எஸ் பந்தயக் கார்களைக் கொண்டுபோய் இறக்கியது. ஒன்று குப்புறக் கவிழ்ந்தது. ஒன்று குறுக்கே வந்த வேறொரு காரில் மோதியது. பெட்ரோல் நிரப்பும்போது தீப்பிடித்து, அணைத்து, மறுபடி ஓடப்போன மூன்றாவது கார், மசராட்டியின் சொந்தக் கார் ஒன்றின் மீதே மோதி எரிந்தது. ஒரே நாளில் எல்லாம் போச்சு. ஏற்கெனவே பணத்துக்குத் திண்டாடிக்கொண்டிருந்த கம்பெனி. அந்த வருடம்தான் பந்தய வீரர் ஃபாஞ்சியோ மசராட்டியில் உலகப் பட்டம் வாங்கிக் கொடுத்திருந்தார். இருந்தும் பந்தயப் பிரிவை மூடினார்கள்.

பந்தயம் நின்றது, ஆனால் 450எஸ்ஸின் எட்டு சிலிண்டர் எஞ்சின் கையில் இருந்தது. நாலரை லிட்டர், 400 குதிரைசக்தி, நாலு கேம் ஷாஃப்ட், சிலிண்டருக்கு இரண்டு ஸ்பார்க் பிளக் என்று மொத்தம் பதினாறு பிளக். அதை எங்கே மாட்டுவது?

அந்த நேரத்தில்தான் ஷா மசராட்டி 3500 ஜிடியை ஓட்டிப் பார்த்தார். ஆறு சிலிண்டர், 220 குதிரைசக்தி. நல்ல வண்டி. அவருக்குப் போதவில்லை. வேறு யாரிடமும் இல்லாத ஒன்று வேண்டும் என்றார். கம்பெனியின் தலைமை இன்ஜினியர் ஜூலியோ அல்ஃபியேரி அந்தப் பந்தய எஞ்சினைக் கொஞ்சம் சாந்தப்படுத்தி, கொள்ளளவை ஐந்து லிட்டருக்குப் பக்கத்தில் கொண்டுவந்து, 3500 ஜிடியின் பலப்படுத்திய சேஸிஸில் உட்கார வைத்தார். பதினாறு பிளக் அப்படியே இருந்தது. ஆபீஸுக்குப் போகிற காரில் பதினாறு பிளக்! பிளக் மாற்றுகிறவனின் பாவத்தை நினைத்துப் பாருங்கள்.

பாடி கட்டியது மிலானில் இருந்த டூரிங் கம்பெனி. அவர்கள் பாணிக்குச் ‘சூப்பர்லெஜ்ஜேரா’ என்று பெயர், அதாவது மிக லேசானது. விரல் தடிமன் எஃகுக் குழாய்களை வளைத்து முதலில் ஒரு கூடு கட்டுவார்கள், நம் ஊரில் பொம்மை செய்ய மூங்கில் பிளாச்சில் கூடு கட்டுவது மாதிரி. அதன் மேல் கையால் தட்டிய அலுமினியத் தகட்டைப் போர்த்தி ஓரங்களை மடித்துவிடுவார்கள். டிங்கரிங் தெரிந்தவர்களுக்கு இதன் அருமை புரியும். அலுமினியம் எஃகு மாதிரி மன்னிக்காது. ஒரு தட்டு கூடினால் தகடு விரிந்துபோகும், பழைய வடிவத்துக்கு இழுத்து வருவது பெரும்பாடு.

1959இல் கார் தயார். ‘ஷா டி பெர்சியா’, பாரசீகத்தின் ஷா என்றே அந்த உருவத்துக்குப் பெயர் நின்றுவிட்டது. அதே வருடம் டூரின் கண்காட்சியில் இன்னொன்றைக் காட்டினார்கள். அப்புறம் ஃபியட் முதலாளி ஜானி அக்னெல்லி, மெக்சிகோ ஜனாதிபதி லோபெஸ் மாட்டேயோஸ், இஸ்மாயிலி முஸ்லிம்களின் தலைவர் ஆகா கான் என்று வரிசை கட்டினார்கள். ஆளுக்கொரு பாடி, ஆளுக்கொரு ரசனை. மொத்தம் முப்பது சொச்சம் கார்கள்தான் செய்திருப்பார்கள். தோற்றுப்போன பந்தய எஞ்சினுக்கு ஒரு ராஜாவின் பிடிவாதம் மறுவாழ்வு கொடுத்தது. மற்ற அரச கார்கள் பலவற்றில் ராஜா வெறும் வாடிக்கையாளர். இதில் மட்டும் அவர் காரணகர்த்தா.

1959 காரை எப்படி சூப்பர்கார் என்று சொல்கிறீர்கள்? சூப்பர்கார் என்ற பேச்சே லம்போர்கினி மியூராவில்தானே தொடங்கியது? (புதுச்சேரி)

சொல்லவில்லையே. பதில் முழுக்கத் தேடிப் பாருங்கள், அந்த வார்த்தை இல்லை. ஆனால் 1959இல் மணிக்கு 250 கிலோமீட்டரைத் தாண்டும் காருக்கு நீங்களே ஒரு பெயர் வைத்து அனுப்புங்கள், போட்டுவிடுகிறேன்.

ஷாவின் லம்போர்கினி மியூரா பிற்பாடு ஒரு ஹாலிவுட் நடிகரிடம் போனதாமே? முழுக் கதையையும் சொல்லுங்கள் சார். (மதுரை)

சொல்கிறேன். முதலில் மியூரா என்ன என்பது தெரிய வேண்டும்.

1966 மார்ச், ஜெனீவா கண்காட்சி. டிராக்டர் செய்து சம்பாதித்த ஃபெருச்சியோ லம்போர்கினியின் கம்பெனியில் டல்லாரா, ஸ்டான்சானி என்ற இரண்டு இளம் இன்ஜினியர்களும், பாப் வாலஸ் என்ற நியூசிலாந்துக்கார டெஸ்ட் டிரைவரும் இருந்தார்கள். பன்னிரண்டு சிலிண்டர் எஞ்சினைத் தூக்கி டிரைவர் முதுகுக்குப் பின்னால், குறுக்காக வைத்தார்கள். கியர் பாக்ஸும் எஞ்சினும் ஒரே வார்ப்பில் ஒட்டிக்கொண்டு ஒரே ஆயிலைக் குடித்தன. பிரிட்டனின் குட்டி மினி காரில் இருந்த யோசனைதான் இது, நாலு சிலிண்டருக்குப் பதில் பன்னிரண்டு. மேலே உடல் வரைந்தவர் பெர்டோனி கம்பெனியின் மார்செல்லோ காந்தினி, அப்போது அவருக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. ஹெட்லைட்டைச் சுற்றி இமை மயிர் மாதிரி கறுப்புக் கீற்றுகள். பார்த்தவர்கள் விழுந்துவிட்டார்கள்.

அழகு அவ்வளவு, குணம் கொஞ்சம் முரண்டு. பெட்ரோல் டாங்க் முன்பக்கம். பெட்ரோல் குறையக் குறைய மூக்கு லேசாகி, அதிக வேகத்தில் முன்சக்கரம் தரையைச் சரியாகப் பிடிக்காது. கார்புரேட்டர் விஷயம் இன்னும் மோசம். பந்தயத்துக்கென்று செய்த வெபர் கார்புரேட்டர்கள். சிக்னலில் நின்று ஐடிலில் ஓடினால் பெட்ரோல் மேலேயே தேங்கும். பச்சை விழுந்ததும் ஆசையாக ஆக்சிலரேட்டரை மிதித்தால், பின்பக்கம் குபீர். மியூராக்கள் நிறைய எரிந்துபோனதற்கு இது ஒரு காரணம். டிராபிக்கில் ஓட்டக் கூடாத கார் என்று சொல்வது கிண்டல் இல்லை.

வாலஸுக்கு ஓர் ஆசை. 1970இல் மியூராவை உரித்து, கண்ணாடிக்குப் பதில் பிளாஸ்டிக், எஃகுக்குப் பதில் லேசான உலோகம் என்று மாற்றி, நானூறு குதிரைசக்திக்கு மேல் ஏற்றி ஒரே ஒரு பந்தய மாதிரி செய்தார். பெயர் ஜோட்டா. பந்தய விதிப் புத்தகத்தின் ‘ஜே’ பிற்சேர்க்கைப்படி செய்ததால், ‘ஜே’யை ஸ்பானிய மொழியில் சொன்னால் வருகிற பெயர். கம்பெனி அதை விற்றுவிட்டது. 1971இல் பிரெசியா ஊரின் சுற்றுச்சாலையில் கவிழ்ந்து எரிந்து சாம்பலானது.

கார் போனாலும் பேச்சு போகவில்லை. அந்த மாதிரி எனக்கும் ஒன்று என்று கேட்டவர்களில் ஷா ஒருவர். முழு ஜோட்டா இல்லை, மியூராவின் கடைசி வடிவமான எஸ்வியில் ஜோட்டாவின் சில அம்சங்களைச் சேர்த்தது. அதுதான் எஸ்விஜே. ஒயின் சிவப்பு வெளியே, வெள்ளைத் தோல் சீட், தரையில் சிவப்புக் கம்பளம். சாம்பல் கொட்டவே பயமாக இருக்கும். அது போய்ச் சேர்ந்த இடம் தெஹ்ரான் அல்ல, சுவிட்சர்லாந்தின் செயின்ட் மோரிட்ஸ். ஷாவுக்கு அங்கே பங்களா இருந்தது, பனிச்சறுக்கு விளையாடப் போவார். மூக்கு லேசான, பின்சக்கரத்தில் இழுக்கிற, முந்நூற்றி எண்பது குதிரைசக்திக்கு மேல் உள்ள காரைப் பனிமலை ஊருக்குக் கொண்டுவரச் சொன்ன தைரியம் மன்னர்களுக்குத்தான் வரும்.

பிற்பாடு கார் இரானுக்குப் போனது. 1979 ஜனவரி 16ஆம் தேதி ஷா நாட்டை விட்டுப் பறந்தார். அடுத்த வருடம் கெய்ரோவில் இறந்தார். கார் புரட்சி அரசின் கைக்குப் போனது. தொண்ணூறுகளின் நடுவில் துபாய் வழியாக வெளியே வந்தது. 1997இல் ஜெனீவா ஏலத்தில் நடிகர் நிக்கோலஸ் கேஜ் நாலரை லட்சம் டாலருக்கு மேல் கொடுத்து எடுத்தார். மியூராவுக்கு அன்று அது வாய் பிளக்க வைத்த விலை. 2002இல் விற்றுவிட்டார். இன்றைய மியூரா விலையைப் பார்த்தால், அவர் அவசரப்பட்டுவிட்டார் என்றுதான் சொல்ல வேண்டும்.

இத்தாலிக் கார் என்றால் சிவப்பு நிறம்தானே? (நாகர்கோவில்)

பந்தயத்தில். அந்தக் காலத்தில் நாட்டுக்கு ஒரு நிறம்: இத்தாலிக்குச் சிவப்பு, பிரான்சுக்கு நீலம், பிரிட்டனுக்குப் பச்சை. காசு கொடுத்து வாங்குகிறவருக்கு எந்த நிறமும் கிடைக்கும். எகிப்து மன்னர் ஃபாரூக் மட்டும் தன் கார்களுக்குச் சிவப்பு அடித்துவிட்டு, நாட்டில் வேறு யாரும் அந்த நிறம் வைக்கக் கூடாது என்று உத்தரவு போட்டாராம். போலீஸ்காரர்கள் தெரியாமல் அவரையே நிறுத்திவிடக் கூடாது என்பதற்காக என்று சொல்வார்கள்.

எல்லாம் ஆண்களின் கதையாகவே இருக்கிறதே அண்ணா. அரச குடும்பத்துப் பெண்கள் யாரும் இந்தக் கார்களை விரும்பவில்லையா? (தஞ்சாவூர்)

நல்ல கேள்வி கேட்டீர்கள் தங்கச்சி. பெல்ஜிய இளவரசி லிலியானைப் பற்றி எழுதாமல் விட்டிருந்தால் எனக்கே மனசு ஆறியிருக்காது.

1935 ஆகஸ்ட் 29. சுவிட்சர்லாந்தில் குஸ்நாக்ட் என்ற ஊர், ஏரிக்கரைச் சாலை. பெல்ஜிய மன்னர் மூன்றாம் லியோபோல்டு ஒரு திறந்த பேக்கார்டு காரை ஓட்டிக்கொண்டு போகிறார். பக்கத்தில் ராணி ஆஸ்ட்ரிட், வயது 29. டிரைவர் பின்சீட்டில். வண்டி சாலையை விட்டு இறங்கி மரத்தில் மோதுகிறது. ராணி அங்கேயே இறந்துபோகிறார். மூன்று சின்னக் குழந்தைகள் தாயில்லாமல் நின்றார்கள்.

1941இல், ஜெர்மானியர்களின் பிடியில் நாடு இருக்கும்போது, லியோபோல்டு லிலியானைத் திருமணம் செய்துகொண்டார். மக்கள் அவரை மன்னிக்கவில்லை. ஆஸ்ட்ரிட் இருந்த இடத்தில் இன்னொருத்தியா என்று. லிலியானுக்கு இளவரசிப் பட்டம்தான், ராணிப் பட்டம் கிடையாது. 1951இல் லியோபோல்டு மகனுக்கு முடி கொடுத்துவிட்டு விலகினார்.

அதற்குப் பிறகு அந்தத் தம்பதி வாங்கியவை பெரும்பாலும் ஃபெராரிகள். 1953இல் லியோபோல்டு வாங்கியது 342 அமெரிக்கா, மொத்தமே ஆறு செய்த மாடல். அப்புறம், 1954 லெ மான்ஸ் பந்தயத்தை ஜெயித்த 375 பிளஸ் வகையில் அவருக்கென்று ஒரு திறந்த கார் வந்தது. தன் கையில் ஓடிய காரில் மனைவியைப் பறிகொடுத்த மனிதர், ஐந்து லிட்டர் பந்தய எஞ்சின் உள்ள காரில் எப்படி ஏறி உட்கார்ந்தார் என்று நான் பல தடவை யோசித்திருக்கிறேன். என் சித்தப்பா ஒரே ஒரு தடவை சைக்கிளில் குழந்தையை இடித்துவிட்டு, சாகும்வரை சைக்கிளைத் தொடவில்லை.

லிலியானுக்குக் கணவரை விடக் கார்ப் பைத்தியம் அதிகம். என்ஸோ ஃபெராரிக்கு நெருங்கிய தோழி. 1967இல் பினின்ஃபரினா என்ற இத்தாலிய பாடி கம்பெனி 330 ஜிடிசி ஸ்பெஷாலே என்று நாலே நாலு கார் செய்தது. அதில் ஒன்று அவருக்கு. பின்கண்ணாடி உள்பக்கமாகக் குழிந்து, இரண்டு பக்கமும் கூரை சரிந்து வால் வரை இறங்கும். அந்தக் குழிந்த கண்ணாடி உடைந்தால் கடையில் போய் வாங்க முடியாது என்பதுதான் என் தொழில் புத்திக்கு முதலில் தோன்றியது. லிலியானின் மகனுக்கு இதய அறுவை சிகிச்சை அமெரிக்காவில் நடந்தது. அதன் பிறகு ஏழை நோயாளிகளுக்கு உதவ இதய நோய் அறக்கட்டளை ஒன்றைத் தொடங்கி நடத்தினார். 2002இல் காலமானார்.

புருனே அரச குடும்பத்தில் ஃபெராரிகள் குவிந்து கிடக்கின்றனவாமே, எத்தனை? (திருச்சி)

எத்தனை என்று எண்ணுவது என் வேலை இல்லை. என்ன மாதிரி என்று சொல்கிறேன். ஃபெராரி எஃப்40 காரைத் தொழிற்சாலை இடப்பக்க ஸ்டியரிங்கோடு மட்டும்தான் செய்தது. புருனேயில் நம்மைப் போலவே சாலையின் இடது ஓரம் ஓட்டுவார்கள். அதனால் அவர்களுக்கு மட்டும் பினின்ஃபரினா வலப்பக்கம் மாற்றிக் கொடுத்தது. ஃபெராரி யாருக்கும் விற்காத ஸ்டேஷன் வேகன் அவர்களுக்குக் கிடைத்தது, 456 வெனிஸ் என்று பெயர். எஃப்எக்ஸ் என்று இன்னொன்று, வில்லியம்ஸ் பந்தய அணி செய்த கியர் பாக்ஸோடு. அதில் ஒன்று புருனேக்குப் போகாமல் கலிபோர்னியாவில் மார்கோனி மியூசியத்துக்குப் போய்ச் சேர்ந்தது. பிழைத்த பிள்ளை என்று சொல்லலாம்.

ஏன் அப்படிச் சொல்கிறேன் என்றால், வாங்குவதில் முன்னணியில் நின்ற, சுல்தானின் தம்பி இளவரசர் ஜெஃப்ரியின் அமெடியோ கம்பெனி 1998இல் கவிழ்ந்தது. அதற்கப்புறம் வண்டிகள் ஓடாமல் நின்றன. புருனேயின் ஈரக் காற்றில் நிற்கிற காருக்கு என்ன ஆகும்? பெட்ரோல் பிசினாகி இன்ஜெக்டரை அடைக்கும். ரப்பர் சீல் எல்லாம் வெடிக்கும். பிரேக் காலிப்பர் துருப்பிடித்து டிஸ்கைக் கவ்விக்கொள்ளும். தோல் சீட்டில் பூஞ்சை. ஃபெராரி டெஸ்டரோசா வகை எஞ்சினில் டைமிங் பெல்ட் மாற்ற எஞ்சினையே கீழே இறக்க வேண்டும். பெல்ட் ஓடாவிட்டாலும் வயசாகும். பழைய பெல்ட்டோடு சாவியைத் திருப்பினால் வால்வும் பிஸ்டனும் முத்தம் கொடுத்துக்கொள்ளும். புரட்சியில் பறிபோன ஷாவின் கார்கூடத் தப்பித்துவிட்டது. ஆளில்லாத கராஜில் நின்ற கார் தப்புவதுதான் கஷ்டம்.

இது ராஜா ஓட்டிய கார் என்று ஒருவர் சொன்னால் எப்படி நம்புவது? (கோவை)

நம்பாதீர்கள். ஆர்.சி. புக்கில் ராஜா பேர் இருக்காது, பாதி நேரம் கம்பெனி பேரிலோ தூதரகம் பேரிலோ வாங்கியிருப்பார்கள். சேஸிஸ் நம்பரும் எஞ்சின் நம்பரும் தொழிற்சாலை ஏட்டோடு ஒத்துப்போக வேண்டும். லம்போர்கினி, ஃபெராரி, மசராட்டி மூன்றுமே பழைய கார்களுக்கென்று தனிப் பிரிவு வைத்து, ஏட்டைப் பார்த்துச் சான்றிதழ் தருகின்றன. எஸ்விஜே என்று சொல்லப்படும் மியூராக்களில் சாதாரணக் காரைப் பிற்பாடு மாற்றியவையும் உண்டு. ஒயின் சிவப்பு பெயின்டும் வெள்ளைத் தோலும் யார் வேண்டுமானாலும் போடலாம்.

இதையெல்லாம் நேரில் பார்க்க முடியுமா? (காரைக்குடி)

மொனாக்கோவுக்கு டிக்கெட் எடுங்கள். இளவரசர் ரெய்னியர் சேர்த்த கார்களை மக்கள் பார்க்கலாம். 2022 முதல் துறைமுகத்துக்குப் பக்கத்தில் புது இடம். பந்தயம் நடக்கும் நாளில் போகாதீர்கள், ரூம் வாடகையில் ஒரு பழைய பத்மினி கார் வாங்கிவிடலாம்.

நீங்கள் இப்படி ஒரு காரைத் தொட்டிருக்கிறீர்களா, படித்ததை எழுதுகிறீர்களா? (திண்டுக்கல்)

குத்தலான கேள்வி. பரவாயில்லை. ஓட்டியதில்லை, தள்ளியிருக்கிறேன்.

தொண்ணூறுகளில் நான் ஷார்ஜாவில் ஒரு பட்டறையில் வேலை பார்த்தேன். ஒரு பெரிய வீட்டிலிருந்து ஃபோர்மேனுக்குப் போன் வந்தது. அரச குடும்பமா, அவர்கள் உறவா என்று யாரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. கராஜின் கடைசி மூலையில் துணி போர்த்திய ஒரு வண்டி. துணியை இழுத்தால் லம்போர்கினி எஸ்பாடா. நாலு பேர் உட்காரலாம், அதே பன்னிரண்டு சிலிண்டர் எஞ்சின், ஆனால் முன்பக்கம். நாலு டயரும் தரையோடு சப்பையாக ஒட்டியிருந்தன. நானும் ஒரு மலையாளியும் ஒரு பாகிஸ்தானியும் தள்ளி வெளியே கொண்டுவந்தோம். வெயிலில் அதன் நீலம் எரிந்தது.

ஆறு கார்புரேட்டர். கழற்றினால் கிண்ணத்தின் அடியில் பச்சைப் பாசி மாதிரி பெட்ரோல் காய்ந்திருந்தது. பெட்ரோல் பாயும் சின்னத் துளையுள்ள ஜெட்டுகளை ஒவ்வொன்றாக வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, செம்புக் கம்பி இழையால் குத்தி எடுத்தேன், மூன்று நாள். நாலாம் நாள் சாவியைத் திருப்பினார்கள். முதலில் ஏழெட்டு சிலிண்டர்தான் எழுந்தது, இருமிக்கொண்டே. கொஞ்ச நேரத்தில் மற்றவையும் சேர்ந்துகொண்டன. பாகிஸ்தானி அண்ணன் காதைப் பொத்திக்கொண்டு சிரித்தார். வீட்டுக்குள்ளிருந்து ஒரு கிழவர் மெதுவாக வந்தார், ஒன்றும் பேசவில்லை, டிரைவர் கதவைத் திறந்து உட்கார்ந்து ஸ்டியரிங்கில் கை வைத்தார். பத்து நிமிடம் அப்படியே இருந்துவிட்டு, இறங்கி, எஞ்சினை அணைக்கச் சொன்னார்.

அவர் போன பிறகு உள்ளே துடைத்தேன். ஆஷ்ட்ரேயில் பேரீச்சங்கொட்டைகள், காய்ந்து கறுத்துப்போய், ஏழு. அவற்றை அப்படியே வைத்து மூடிவிட்டேன்.